உன் கேள்வி என்ன?

இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றாலே கடையில் வாங்குவது என்றாகிவிட்ட காலம் இது. ஓர் ஆய்வை முன்மொழியவும், அதை நாலு பேர் முன்னால் நின்று எடுத்துச் சொல்லவும் நம் இளநிலை மாணவர்களுக்கு யார் கற்றுத்தருகிறார்கள்? எப்படிக் கற்றுத்தர வேண்டும்?

ஜனவரி முதல் வாரம். வட மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் கருத்தரங்கக் கூடம். இறுதியாண்டு மாணவர்களுக்கு அன்று ‘ஜீரோத் ரிவியூ’. எந்தக் குழு என்ன ப்ராஜெக்ட் செய்யப்போகிறது என்று சொல்லி, தலைப்புக்கு ஒப்புதல் வாங்குகிற நாள். பழக்கமான பேராசிரியை ஒருவர் அழைத்திருந்ததால் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாவதாக நான்கு பேர் கொண்ட குழு மேடையேறியது. ஐ.ஓ.டி. வழியாக ஸ்மார்ட் விவசாயம் என்று திரையில் ஆங்கிலத்தில் தலைப்பு. அடுத்த ஸ்லைடில் பிளாக் டயகிராம். மண்ணின் ஈரத்தைச் சொல்லும் சென்சார், அதற்கொரு கன்ட்ரோலர், அங்கிருந்து செல்போன் ஆப். நால்வரும் திரையைப் பார்த்தபடி ஆளுக்கு இரண்டு ஸ்லைடு வாசித்தார்கள். ஏழு நிமிடத்தில் முடிந்தது.

பேராசிரியை கேட்டார்: “இது யாரோட வயலுக்கும்மா?”

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “பேஸ் பேப்பர்ல இருக்கு மேம்” என்றான் ஒரு பையன், ப்ராஜெக்ட்டுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்ட ஆய்வுக் கட்டுரையைச் சுட்டி. “பேப்பர்ல இருக்கிற வயல் இல்லப்பா. நீங்க எந்த வயல்ல வைக்கப்போறீங்க?”

கடைசியாக நின்றிருந்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “எங்கப்பா நவரை போடுறாரு மேம். செய்யாறு பக்கம். கிணத்துப் பாசனம்.”

“அவருக்கு என்ன தெரியணும்னு அவர்கிட்ட கேட்டியா?”

“இல்ல மேம்.”

“கேட்டுட்டு அடுத்த திங்கக்கிழமை வாங்க. தலைப்பு வேண்டாம். ஒரு கேள்வியோட வாங்க.”

அந்த நால்வரும் ஏப்ரல் மாதம் அதே மேடையில் நின்றபோதும் நான் பின்வரிசையில் இருந்தேன். இடைப்பட்ட மூன்று மாதத்தில் அவர்களிடம் நடந்த மாற்றம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

கடையில் கிடைக்கும் ஆய்வு

சென்னை, கோவை, திருச்சி, மதுரை என எந்த ஊருக்குப் போனாலும் ‘ப்ராஜெக்ட் சென்டர்’ பலகைகளைப் பார்க்கலாம். தலைப்பு, பேஸ் பேப்பர், கோடிங், கிட், அறிக்கை என எல்லாமே அங்கு கிடைக்கும். தேர்வாளர் என்ன கேட்பார், அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதுவரை அச்சடித்துக் கொடுக்கும் இடங்களும் உண்டு. மாணவரின் வேலை பணம் கட்டுவதும், ஸ்லைடை மனப்பாடம் செய்வதும், முதல் பக்கத்தில் கல்லூரியின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும்தான்.

கலை அறிவியல் கல்லூரிகளில் இதே நோய்க்கு வேறு முகம். வணிகவியல் துறையின் அலமாரியைத் திறந்தால் ‘வாடிக்கையாளர் திருப்தி: ஓர் ஆய்வு’ என்ற பெயரில் வரிசை வரிசையாகத் தடித்த அட்டைப் புத்தகங்கள். நூறு பேருக்குக் கேள்வித்தாள், சதவீத அட்டவணை, வட்ட வரைபடம், ‘பெரும்பாலோர் திருப்தியாக உள்ளனர்’ என்ற முடிவு. நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த ஆண்டு மாணவருக்கும் அதுவே போதும்.

இதற்கெல்லாம் பிள்ளைகளைத் திட்டுவது நியாயமில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை விடை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் அவர்கள். கேள்வி எப்போதும் வினாத்தாளில் அச்சாகி வந்தது. அதைத் தானாக உருவாக்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. கல்லூரியில் மூன்றரை ஆண்டும் அப்படியே கழிகிறது. கடைசி ஆறு மாதத்தில் திடீரென்று “போய் ஆராய்ச்சி செய்” என்கிறோம். நீச்சலே சொல்லித்தராமல் கிணற்றில் தள்ளினால் பிள்ளை கையில் அகப்பட்ட கயிற்றைத்தான் பிடிக்கும்.

ஆசிரியர்களின் நிலையும் எளிதல்ல. ஒரு கைடுக்குப் பல குழுக்கள், கூடவே வகுப்புகள், விடைத்தாள், கல்லூரியைத் தரமதிப்பீடு செய்ய வரும் நாக் குழுவுக்கான கோப்புகள். ஒவ்வொரு குழுவோடும் உட்கார்ந்து கேள்வியைச் செதுக்க அவருக்கு நேரம் எங்கே? எனவே அறிக்கையின் பக்க எண்ணிக்கையும், ஓரத்தில் விடும் இடமும், பைண்டிங்கின் நிறமும் சரிபார்க்கப்படுகின்றன. அவற்றைச் சரிபார்ப்பது சுலபம்.

பிறர் எழுத்தைத் திருடுவதற்கு எதிராக யூ.ஜி.சி. 2018-ல் விதிமுறைகள் கொண்டுவந்தது. பத்து சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை, அதற்கு மேல் போகப்போக நடவடிக்கை கடுமையாகும் என்பது அதன் ஏற்பாடு. தேவையான விதிதான். ஆனால் மென்பொருளால் சொற்களின் ஒற்றுமையைத்தான் எண்ண முடியும். இரவல் வாங்கிய கேள்வியை அது கண்டுபிடிக்காது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு சிக்கல் இன்னும் முற்றிவிட்டது. ஐம்பது பக்க அறிக்கையைச் சொந்த நடையில் எழுதியதுபோல ஒரு மாலைப்பொழுதில் தயாரித்துவிடலாம். அறிக்கையைப் பார்த்து மாணவரை எடைபோடும் காலம் முடிந்துவிட்டது. என்ன கேட்கிறாய், ஏன் கேட்கிறாய், எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று நேருக்கு நேர் கேட்டு, அவர் சொல்லும் பதிலை வைத்துத்தான் இனி மதிப்பிட முடியும். அதற்கான களம்தான் ஆய்வு முன்மொழிவு. நம் கல்லூரிகளில் அது அரை மணி நேரச் சடங்காகக் குறுகிக் கிடக்கிறது.

மாநிலக் கல்லூரி ஆய்வகத்தில்…

“இளநிலை மாணவருக்கு ஆராய்ச்சியெல்லாம் எதற்கு? அடிப்படையே தெரியாதே!” என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சென்னை மாநிலக் கல்லூரியின் கதை இரண்டைச் சொல்ல வேண்டும்.

இயற்பியல் மாணவர்கள் எல்லோரும் ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்து முப்பட்டகத்தின் கோணத்தை அளந்திருப்பார்கள். ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. மாநிலக் கல்லூரியில் முதுகலை படித்துக்கொண்டிருந்த சி.வி. ராமனும் அதே சோதனையைத்தான் செய்தார். ஒளி மிகச் சாய்வாக விழும்போது தெரிந்த விளிம்புப் பட்டைகள் இரு பக்கமும் ஒன்றுபோல இல்லை என்பது அவர் கண்ணில் பட்டது. “ஏன்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த கட்டுரை 1906 நவம்பரில் லண்டனிலிருந்து வரும் ‘பிலாசபிகல் மேகசின்’ இதழில் வெளியானது. அப்போது அவருக்கு வயது 18.

அதே கல்லூரியில் 1928-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்டு சாமர்ஃபெல்டு வந்து பேசினார். இளநிலை மாணவராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அவரைத் தேடிப்போய்ச் சந்தித்தார். நீ படித்திருக்கும் அணு இயற்பியல் பழையதாகிவிட்டது என்று சொன்ன சாமர்ஃபெல்டு, அச்சுக்குப் போகவிருந்த தம் கட்டுரையின் பிரதியைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு புதிய புள்ளியியலைத் தானாகக் கற்ற மாணவர், அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வெளியிட்டார். பி.எஸ்சி. ஆனர்ஸ் முடித்தது அதற்குப் பிறகு, 1930-ல்.

இருவரும் மேதைகள், அவர்களோடு நம் பிள்ளைகளை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். பின்னாளில் நோபல் பரிசு அவர்களைத் தேடிவந்தது மேதைமையால். ஆனால் மாணவப் பருவத்தில் அவர்கள் கையிலிருந்தவை நம் பிள்ளைகளின் கைக்கும் எட்டுபவை: எல்லோருக்கும் பொதுவான ஓர் ஆய்வகக் கருவி, பெரியவர் ஒருவரோடு நடந்த ஓர் உரையாடல். முதலாமவர் கண்ணில் பட்டதைக் கடந்துபோகவில்லை. இரண்டாமவர் தனக்குத் தெரிந்தது போதாது என்று கேட்டபோது சோர்ந்துபோகவில்லை. இந்த இரண்டு பழக்கங்களையும் கற்றுத்தர முடியும்.

தலைப்பிலிருந்து கேள்விக்கு

செய்யாற்றுப் பெண்ணின் குழுவுக்கு வருவோம். அந்த வார இறுதியில் நால்வரும் அவள் ஊருக்குப் போனார்கள். அப்பாவிடம் கேட்டார்கள். அவருக்குச் செல்போன் ஆப் எதுவும் வேண்டியிருக்கவில்லை. “ஏப்ரல்ல கெணறு அடி தட்டிடுது. தண்ணி எப்ப விடணும், எப்ப நிறுத்தணும்னு தெரிஞ்சா போதும்” என்றார்.

திங்கட்கிழமை அவர்கள் கொண்டுவந்த கேள்வி, ‘நெல்லுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை?’ பேராசிரியை சிரித்தார். “இதுக்கு ஒரு பல்கலைக்கழகமே வேலை பார்த்துக்கிட்டு இருக்கு. உங்களுக்கு இருக்கிறது மூணு மாசம். இன்னும் சின்னதா கேளுங்க” என்று திருப்பி அனுப்பினார்.

அப்போதுதான் நூலகத்துக்குப் போனார்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிவரும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறையைப் பற்றிப் படித்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இதைப் பரிந்துரைக்கிறது. வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. 30 செ.மீ. நீளக் குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நட்டு, உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். மண்ணுக்கடியில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது குழாய்க்குள் தெரியும். அது தரைமட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்சினால் போதும். விளைச்சல் குறையாது.

இரண்டு வாரத்தில் நான்கு முறை திருத்தி, ஐந்தாவதாக அவர்கள் எழுதிய கேள்வி இது: ‘எங்கள் வயலின் மேட்டுப் பகுதியிலும் பள்ளப் பகுதியிலும், ஒருமுறை பாய்ச்சிய பிறகு நீர்மட்டம் 15 செ.மீ. இறங்க எத்தனை நாள் ஆகிறது? இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால், எந்த இடத்தில் குழாய் வைத்துப் பார்த்து மோட்டார் போட வேண்டும்?’

முதலில் எழுதிய தலைப்பு உலகத்தில் உள்ள வயலுக்கெல்லாம் பொருந்தும். இந்தக் கேள்வி ஒரே ஒரு வயலுக்குரியது. அதனால்தான் இதற்கு விடை காண முடியும். அந்த விடையை ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கவும் முடியாது.

எந்தத் துறைக்கும் இது பொருந்தும். ‘யூ.பி.ஐ. குறித்துச் சிறு வணிகர்களின் மனநிலை’ என்பது தலைப்பு. ‘எங்கள் ஊர்ச் சந்தையில் கியூ.ஆர். அட்டையை வெளியே வைத்திருந்த காய்கறிக்கார அம்மாக்களில் சிலர் ஏன் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்?’ என்பது கேள்வி. தமிழ் இலக்கிய மாணவருக்கு ‘நாவல்களில் பெண்’ என்பது தலைப்பு. ‘இந்த நாவலில் அம்மா பேசும் இடங்களில் எத்தனை சமையலறைக்கு வெளியே நடக்கின்றன?’ என்பது கேள்வி. எண்ணிப் பார்க்கலாம். எண்ணி முடித்ததும் அடுத்த கேள்வி தானாக வரும்.

இரண்டு பக்கம் போதும்

நல்ல முன்மொழிவுக்கு இருபது பக்கம் தேவையில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையான டார்ப்பாவுக்கு 1975 முதல் 1977 வரை தலைவராக இருந்தவர் ஜார்ஜ் ஹெயில்மெயர். இன்று நம் கையிலிருக்கும் எல்.சி.டி. திரைகளுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். தன்னிடம் பணம் கேட்டு வருகிற விஞ்ஞானிகளுக்கு அவர் சில கேள்விகளை வைத்திருந்தார். துறைச் சொல் எதுவும் இல்லாமல், என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். இன்று அது எப்படிச் செய்யப்படுகிறது, அதில் என்ன போதாமை? உங்கள் வழியில் புதிதாக என்ன இருக்கிறது? வெற்றி பெற்றால் யாருக்கு என்ன மாறும்? எவ்வளவு செலவு, எவ்வளவு காலம்? பாதி வழியில் சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? கோடிக்கணக்கான டாலர் திட்டங்களுக்குக் கேட்கப்பட்ட இந்தக் கேள்விகள், ஆயிரம் ரூபாய் செலவில் செய்யும் மாணவர் ப்ராஜெக்டுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

கால அட்டவணை எழுதும்போதுதான் நம் மாணவர்கள் பெரிய பாடத்தைக் கற்றார்கள். முதல் வரைவில் ‘ஜனவரி முதல் ஏப்ரல் வரை அளவெடுப்பு’ என்று போட்டிருந்தார்கள். அதை அந்தப் பெண் அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். “நடவு நட்டுப் பயிர் பச்சை புடிக்கிற வரைக்கும் தண்ணி நிக்கணும். அப்புறம் பூக்கிற நேரத்துல வயல் காஞ்சா பதரா போயிடும். அப்ப என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாராம் அவர். நூலைப் புரட்டினால் அவர் சொன்னதுதான் அங்கும் இருந்தது. நட்ட பின் ஓரிரு வாரமும், பூக்கும் பருவத்தையொட்டியும் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். நான்கு மாதம் என்று எழுதியது சுருங்கிச் சுருங்கி ஏறத்தாழ நாற்பது நாளாக வந்து நின்றது. அதற்குள் ஆறேழு முறைதான் பாய்ச்ச முடியும். அப்படியானால் எத்தனை குழாய், எத்தனை அளவீடு, யார் எந்த நாள் போவது?

டெல்டா மாணவராக இருந்தால் கணக்கு இன்னும் மாறும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். ஆற்றுப் பாசன வயலில் ஆய்வு செய்ய நினைப்பவர், கல்லூரி ப்ராஜெக்ட் பருவத்தைத் தொடங்கும்போது வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோகும். அதனால்தான் முன்மொழிவை முந்தைய பருவத்திலேயே எழுத வைக்க வேண்டும் என்கிறேன். பயிரும் மழையும் சந்தையும் பல்கலைக்கழக அட்டவணையைப் பார்த்து நடப்பதில்லை.

செலவுக் கணக்கும் பாடம்தான். சென்சாரும் ஆப்பும் சேர்த்துத் தயாராகத் தருவதற்கு அவர்களிடம் ஓரிடத்தில் பன்னிரண்டாயிரம் கேட்டிருந்தார்கள். இப்போது தேவைப்பட்டது நான்கு அங்குல பி.வி.சி. குழாய், டிரில்லிங் கூலி, ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு, பஸ் கட்டணம். சென்சார் வேண்டாமா என்று ஒரு பையன் வருத்தப்பட்டான். “முதல்ல கையால அளங்க. கையளவு எவ்வளவு தடுமாறுதுன்னு தெரிஞ்ச பிறகு சென்சார் தேவையான்னு முடிவு பண்ணலாம்” என்றார் பேராசிரியை. ஒரு கருவி எதற்காக வேண்டும் என்பதை அன்றுதான் அந்தப் பையன் யோசித்திருப்பான்.

இப்படி முறையாக எழுதிய முன்மொழிவுக்குக் கதவுகளும் திறக்கின்றன. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுகளுக்கு நிதியுதவி தரும் திட்டத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கோடை விடுமுறையில் இரண்டு மாத ஆய்வு வாய்ப்பைத் தருகின்றன. விண்ணப்பிக்கும்போது மாணவர் தன் ஆர்வத்தைத் தானே எழுத வேண்டும். எழுதிப் பழகாத பிள்ளைகள் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

முதல் மதிப்பெண்காரர்களுக்கு மட்டுமா?

போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்த எட்வின் லேண்ட் 1957-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஓர் உரை நிகழ்த்தினார். கல்லூரிக்குள் நுழையும் ஒவ்வொரு மாணவருக்கும் முதல் ஆண்டிலிருந்தே சொந்தமாக ஓர் ஆய்வு இருக்க வேண்டும் என்றார். அந்த எண்ணத்தை மார்கரெட் மெக்விகர் என்ற இயற்பியல் பேராசிரியை 1969-ல் ஒரு திட்டமாக்கினார். இளநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் ஆய்வில் பங்காளிகளாகச் சேரும் அந்த ‘யூராப்’ திட்டம் இன்றும் நடக்கிறது. அதில் சேர விரும்பும் மாணவர் தன் முன்மொழிவைத் தானே எழுதித் தர வேண்டும். உலகின் பல பல்கலைக்கழகங்கள் அந்த வழியைப் பின்பற்றுகின்றன.

நம் நாட்டில் யூ.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டுப் பட்டப்படிப்புக்கான கட்டமைப்பு, நான்காம் ஆண்டில் ஆய்வுக்கு இடம் தருகிறது. ஆனால் முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதமும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. தமிழ்நாடு மூன்றாண்டுப் பட்டப்படிப்பையே தொடர்கிறது. படிப்பு மூன்றாண்டா நான்காண்டா என்ற விவாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். ஆய்வு என்பது மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் பரிசு என்ற எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பார்த்த அந்தச் செய்யாற்றுப் பெண்ணுக்கு இரண்டு அரியர் இருந்தது. கிணற்றின் நீர்மட்டம் மாதத்துக்கு மாதம் எவ்வளவு இறங்குகிறது என்று அந்த வகுப்பில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

நாலு பேர் முன்னால்

கேள்வியைக் கண்டுபிடிப்பது ஒரு பாதி. அதை எடுத்துச் சொல்வது மறு பாதி. இதையும் நாம் கற்றுத்தருவதில்லை. ‘கம்யூனிகேஷன் ஸ்கில்’ என்ற பெயரில் ஆங்கில உச்சரிப்பையும் கைகுலுக்கும் விதத்தையும் சொல்லித்தருகிறோம்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் கடும் வறட்சியில் தவித்த காலம். குளிக்கும் நேரத்தைக் குறைக்க வீட்டுக் குளியலறைகளில் மூன்று நிமிட மணற்கடிகாரம் மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக முதல்வர் ஒருவருக்கு ஒரு யோசனை வந்தது. ஆய்வு மாணவர் தன் முனைவர் பட்ட ஆய்வை மூன்றே நிமிடத்தில், ஒரே ஸ்லைடில், துறை சாராதவருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும். 2008-ல் தொடங்கிய அந்தப் போட்டி இன்று பல நாடுகளில் நடக்கிறது. பல ஆண்டு உழைப்பை மூன்று நிமிடத்தில் சொல்ல முடியும் என்றால், மூன்று மாத வேலையை ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாதா?

செய்யாற்றுக் குழுவின் முதல் ஒத்திகை வயல் வரப்பில் நடந்தது. கேட்டவர்கள் அப்பாவும் பக்கத்து வயல்காரர்கள் இருவரும். ஸ்லைடு கிடையாது, ஆங்கிலம் கிடையாது. இரண்டாவது ஒத்திகை ஜூனியர் மாணவர்கள் முன்னால். ஒவ்வொருவரும் ஒரு கேள்வியாவது கேட்டாக வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டளை. மூன்றாவது ஒத்திகையில் நால்வரில் யார் பேசுவார் என்று கடைசி நிமிடத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ‘அது அவன் பார்ட் மேம்’ என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை.

ஸ்லைடுகளுக்குப் பேராசிரியை வைத்திருந்த விதிகள் எளிமையானவை. ஒரு ஸ்லைடில் ஒரே செய்தி. மேலே ‘முடிவுகள்’ என்று எழுதாமல் முடிவையே ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். வரைபடத்தைக் காட்டினால் குறுக்கே எது, நெடுக்கே எது என்று முதலில் சொல்ல வேண்டும். திரையைப் பார்த்து வாசிக்கக் கூடாது.

ஏப்ரல் வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி கூடத்தையே நிமிர்ந்து உட்கார வைத்தது. “விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அப்புறம் உங்கப்பா எதுக்கு மோட்டாரை நிறுத்தணும்?”

ஜனவரியில் பேச்சற்று நின்ற அதே பெண் உடனே பதில் சொன்னாள்: “கரன்ட் இலவசம் சார். தண்ணி இலவசமில்ல. ஏப்ரல்ல கெணறு வத்துனா கடைசித் தண்ணி இல்லாம மணி பிடிக்காது. முன்னாடி மிச்சம் பிடிச்சாதான் கடைசியில இருக்கும்.”

பிறகு அளவீடுகளைக் காட்டினார்கள். மேட்டுக் குழாய்களில் நான்காம் நாளே மட்டம் இறங்கிவிடுகிறது. பள்ளத்தில் ஆறு நாள் ஆகிறது. ஒரு குழாய் சேறு அடைத்துத் தவறான அளவு காட்டியது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று தாங்களாகவே சொன்னார்கள். “வேற மண்ணுல இது எப்படி இருக்கும்?” என்று தேர்வாளர் கேட்டபோது, “தெரியாது சார். நாங்க ஒரு வயல்லதான் அளந்தோம்” என்றான் சென்சாருக்கு வருத்தப்பட்ட பையன். அந்தத் ‘தெரியாது’வுக்குத் தேர்வாளர் தலையசைத்ததைப் பார்த்தேன். தன் ஆய்வின் எல்லை எது என்று சொல்லத் தெரிந்தவன்தான் ஆய்வைப் புரிந்துகொண்டவன்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் முயற்சியால் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஊர் ஏரியையும் குப்பையையும் ஆராய்ந்து, கையால் வரைந்த சார்ட்டை மாட்டி, தமிழில் விளக்குகிறார்கள். கேள்வி கேட்டால் துள்ளிக்கொண்டு பதில் சொல்கிறார்கள். அதே பிள்ளை இருபது வயதில் கல்லூரி மேடையில் ஆங்கில ஸ்லைடை மென்று விழுங்குகிறது. ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் யோசிப்பதும் விவாதிப்பதும் முதலில் தமிழில் நடக்கட்டும். தெளிந்த கருத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது எளிது. தெளியாத கருத்தை எந்த மொழியாலும் காப்பாற்ற முடியாது.

என்ன செய்யலாம்?

கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சில வேண்டுகோள்கள். புதிய கட்டடமோ பெரிய நிதியோ இவற்றுக்குத் தேவையில்லை.

ப்ராஜெக்ட் மதிப்பெண்ணில் கணிசமான பங்கை முன்மொழிவுக்கு ஒதுக்குங்கள். மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மாணவரின் உழைப்பும் போகும்.

முன்மொழிவை ஒரு பருவம் முன்னதாகவே எழுத வையுங்கள். குறைந்தது மூன்று முறை திருத்தித் திருப்பிக் கொடுங்கள். முதல் முறையே ஒப்புதல் தராதீர்கள்.

இரண்டாம் ஆண்டிலிருந்தே சின்னச் சின்ன ஆய்வுகளைப் பழக்குங்கள். ஒரு வாரத்தில் முடிகிற ஒரு கேள்வி, ஒரு பக்க அறிக்கை, ஐந்து நிமிடப் பேச்சு போதும்.

எதிர்பார்த்த முடிவு வராத ஆய்வுக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று உண்மையைச் சொன்ன மாணவருக்கு மதிப்பெண் குறைந்தால், அடுத்த ஆண்டு எல்லோருடைய ப்ராஜெக்ட்டும் ‘வேலை செய்யும்’.

ஆண்டுக்கு ஒருநாள் வளாகக் கதவைத் திறந்து, ஆய்வு முடிவுகளை ஊர் மக்களுக்குத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். யாருடைய வயலில் அளந்தார்களோ, யாருடைய கடையில் கேட்டார்களோ, அவர்களுக்கு விடையைத் திருப்பிச் சொல்வது ஆய்வாளரின் கடமை.

ஆசிரியரின் சுமையைக் குறையுங்கள். ஒரு கைடுக்கு மூன்று குழுவுக்கு மேல் கொடுத்துவிட்டு ஆராய்ச்சியை எதிர்பார்ப்பது வீண்.

மாணவர்களுக்கு: முன்மொழிவுக்கு முன் ஏழு கேள்விகள்

1. நான் தெரிந்துகொள்ள விரும்புவதை ஒரே வாக்கியத்தில், கேள்விக்குறியோடு எழுத முடிகிறதா?
2. இதன் விடை யாருக்கு வேண்டும்? அவரை நான் நேரில் பார்த்தேனா?
3. இதற்கு முன் யார் என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள்? என் கேள்வி அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறதா?
4. எதை அளப்பேன், எண்ணுவேன், கேட்பேன்? எத்தனை முறை?
5. என்ன முடிவு வந்தால் நான் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொள்வேன்?
6. உண்மையில் என் கையில் எத்தனை நாள் இருக்கிறது? செலவு எவ்வளவு?
7. என் அம்மாவுக்குப் புரியும்படி இதை மூன்று நிமிடத்தில் சொல்ல முடியுமா?

கடைசியாகப் பெற்றோருக்கு. கல்லூரியின் இறுதியாண்டில் உங்கள் பிள்ளை ஒருநாள் வந்து, “ப்ராஜெக்ட்டுக்குப் பணம் கட்டணும்” என்று கேட்கும். கடன் வாங்கியாவது கொடுத்துவிடுவீர்கள். பிள்ளையின் படிப்பு என்றால் நாம் யோசிப்பதில்லை. இந்த முறை கொடுப்பதற்கு முன் பக்கத்தில் உட்கார வைத்து, “உன் கேள்வி என்ன?” என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் சந்தோஷமாகக் கொடுங்கள். வரவில்லையென்றால், பணத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, உங்கள் வயலையோ கடையையோ தறியையோ காட்டி, உங்களுக்கு இத்தனை வருடமாக விளங்காத ஒன்றை அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். அதுவே நல்ல ஆய்வுக்குத் தொடக்கம்.